க்ரூகரா, எட்டோஷாவா, சோபேவா? முதல் ஆப்பிரிக்க சஃபாரிக்கு எதைப் புடிக்கலாம்

சஃபாரி போகணும்னு ஆசைப்படுறவங்க மொதல்ல கேக்குறது "எந்த பார்க்ல சிங்கம் நிறைய இருக்கு"ன்னுதான். அந்தக் கேள்விய வச்சு முடிவே எடுக்க முடியாதுங்க. தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, இந்த அஞ்சு நாட்டுலயும் சஃபாரிக்குப் பேர் பெத்த பெரிய பார்க் எதுக்குப் போனாலும் சிங்கம் இருக்கு, நாலு நாள் பொறுமையா சுத்துனா கண்ணுல படுறதுக்கு நல்ல வாய்ப்பும் இருக்கு. வித்தியாசமே வேற. வண்டிய நீங்க ஓட்டப் போறீங்களா இல்ல கைடு ஓட்டுறாரா, மிருகத்தத் தேடிப் போகணுமா இல்ல ஒரு எடத்துல உக்காந்தா அது வருமா, எந்த மாசம் உங்களுக்கு லீவு, கூட வர்றவங்களுக்கு என்ன வயசு, இதுக்கெல்லாம் பதில் வச்சிருந்தீங்கன்னா பார்க் பாதி தானா முடிவாயிடும்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த அழுத்திச் சொல்லணும். நம்ம ஊர் டிராவல்ஸ்காரங்க போடுற பேக்கேஜப் பாத்தீங்கன்னா கேப்டவுன், க்ரூகர், விக்டோரியா ஃபால்ஸ், சோபே எல்லாம் பத்து நாள்ல அடக்கி வச்சிருப்பாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுல காட்டுக்குன்னு கிடைக்கிறது ஒரு சாயங்காலமும் ஒரு காலைலயும்தான். மிருகம் நடமாடுறது விடியக்காலைலயும் சாயங்காலமும், நடுப்பகல்ல எல்லாம் நிழல்ல படுத்திருக்கும், நீங்க ஊர் மாறுற ஒவ்வொரு நாளும் இந்த ரெண்டு நல்ல நேரத்துல ஒண்ணு ஏர்போர்ட்லயோ ஹைவேலயோ போயிடும். அவ்ளோ தூரம் போயி, அவ்ளோ காசு கொடுத்து, காட்டுக்குள்ள மொத்தமா ஆறு மணி நேரம் இருந்துட்டு வர்றவங்களப் பாத்தா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. அதனால நான் யார் கேட்டாலும் மொதல்ல சொல்றது, ஒரே பார்க், கொறஞ்சது அஞ்சு ராத்திரி. எந்த பார்க்குங்கறது அப்புறம்.

சரி, தென்னாப்பிரிக்காவோட க்ரூகர்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா முதல் தடவை போற நம்மாளுங்களுக்கு பத்துல எட்டு பேருக்கு பதில் அதுதான்னு நான் நினைக்கிறேன். சுமார் 19,500 சதுர கிலோமீட்டர், வடக்கு தெற்கா கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர் நீளம். 1898லயே சாபி ரிசர்வ்னு ஆரம்பிச்சு 1926ல நேஷனல் பார்க் ஆனது. ஜோஹன்னஸ்பர்க்ல இறங்கி வாடகைக் கார் எடுத்தா நல்ல ஹைவேல அஞ்சு மணி நேரத்துல தெற்குப் பக்க கேட்டுக்கு வந்துடலாம், நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும், இங்கிலீஷ்ல போட்டோவோட இருக்கற நம்ம லைசென்ஸ் செல்லும், ஆனா இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்துட்டுப் போயிடுங்க, கார் கம்பெனிக்காரங்க சில பேர் கேப்பாங்க. பெரிய ஜீப்பெல்லாம் தேவையே இல்ல, சாதாரண சின்ன கார் போதும், முக்கியமான ரோடெல்லாம் தார் ரோடு, மண் ரோடும் நல்லா பராமரிச்சு வச்சிருக்காங்க. தார் ரோட்டுல 50, மண் ரோட்டுல 40, அதுக்கு மேல போகக் கூடாது, உண்மையச் சொன்னா மிருகம் பாக்கணும்னா 25ல போனாத்தான் ஏதாவது தெரியும்.

நம்ம முதுமலைல எல்லாம் ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் வண்டில ஏறி ஒரு மணி நேரம் சுத்திட்டு எறங்கிடணும். க்ரூகர்ல கேட் திறந்ததுல இருந்து மூடுற வரைக்கும் நாள் பூரா உங்க கைல. ஒரு ஒட்டகச்சிவிங்கி மரத்த மேயுதுன்னா அது போற வரைக்கும் பாக்கலாம், யாரும் போலாம் போலாம்னு அவசரப்படுத்த மாட்டாங்க, குழந்தைக்குத் தூக்கம் வந்தா பின்சீட்டுல தூங்கட்டும், அம்மாவுக்கு கால் வலிச்சா கேம்ப்புக்கு, அதாவது பார்க்குக்குள்ளயே நீங்க தங்குற எடத்துக்கு, திரும்பிடலாம். மே, ஜூன், ஜூலைல கேம்ப் கேட் காலைல 6 மணிக்குத் தொறந்து சாயங்காலம் 5.30க்கு மூடிடும், நவம்பர் டிசம்பர்ல 4.30க்கே தொறந்துடுவாங்க. லேட்டா வந்தா ஃபைன் உண்டு, யானை ரோட்ட மறிச்சுதுன்னு சொன்னாலும் எடுபடாது, அதனால சாயங்காலம் எப்பவும் ஒரு அரை மணி நேரம் கையிருப்பு வச்சு திரும்புங்க. கேம்ப், பிக்னிக் ஸ்பாட் தவிர வேற எங்கயும் கார்ல இருந்து எறங்கவே கூடாது, கண்ணாடி வழியா தலைய வெளிய நீட்டி செல்ஃபி எடுக்கறதும் கூடாது, இத குழந்தைங்களுக்கு முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

எந்த கேம்ப்னு கேட்டா, தெற்குல லோவர் சாபி, நடுவுல சட்டாரா, இந்த ரெண்டும் முதல் தடவைக்குப் போதும். லோவர் சாபி கேம்ப்ப ஒட்டியே சன்செட் டேம்னு ஒரு சின்ன அணை இருக்கு, ரோட்டோரமாவே கார நிறுத்திட்டு உக்காந்தா நீர்யானையும் முதலையும் கூப்பிடு தூரத்துல கிடக்கும், நீர்யானை முதுகு மேல கொக்கு நிக்கும், தண்ணி குடிக்க இம்பாலா மான் ஒவ்வொரு அடியா வச்சு, நிமிந்து பாத்து, மறுபடியும் ஒரு அடி வச்சு வரும், முதலை இருக்கற தண்ணில வாய வைக்க அதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்துட்டே இருக்கலாம். அங்கேர்ந்து ஸ்குகூசா கேம்ப்புக்குப் போற ஆத்தோர ரோடு சிறுத்தைக்குப் பேர் போனது, அதனாலயே அங்க வண்டிக் கூட்டமும் ஜாஸ்தி. சட்டாரா பக்கம் வெட்டவெளி புல்வெளி, சிங்கத்துக்கு அந்தப் பக்கம்தான், குளிர் காலத்துல விடியக்காலைல போனீங்கன்னா சூடு தங்கியிருக்கற ரோட்டு மேலயே படுத்திருக்கறத சில நாள் பாக்கலாம். ஒவ்வொரு கேம்ப் வாசல்லயும் ஒரு மேப் போர்டு இருக்கும், அன்னைக்கு யார் எங்க எதப் பாத்தாங்கன்னு கலர் கலரா குத்தி வச்சிருப்பாங்க, சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி அத ஒரு தடவை பாத்துட்டுப் போங்க.

க்ரூகரோட குறையும் சொல்லணும். ஒரு சிங்கம் தெரிஞ்சுதுன்னா முப்பது கார் வந்து நிக்கும், முன்னாடி நிக்கிற வண்டி நகர மாட்டான், நமக்கு வால் மட்டும்தான் தெரியும். ரோட்ட விட்டு எறங்கி ஓட்டக் கூடாதுங்கறதால புதருக்குள்ள போன சிறுத்தை போனதுதான். டிசம்பர் லீவு, ஈஸ்டர், ஜூலை லீவு சமயம் தெற்குப் பக்கம் ரொம்ப நெருக்கடி. வடக்கால லெடாபா, புண்டா மரியான்னு போகப் போக கூட்டம் கொறையும், மிருகமும் கொஞ்சம் கொறைவாத்தான் தெரியும், ஆனா யானைக் கூட்டமும் பறவையும் அங்க அருமை, ரெண்டாவது தடவை போறவங்களுக்கு அந்தப் பக்கத்தத்தான் சொல்லுவேன்.

இந்த வண்டி நெருக்கடி வேண்டாம், காசு கொஞ்சம் இருக்குன்னா க்ரூகரோட மேற்கு எல்லைல வேலியே இல்லாம ஒட்டி இருக்கற பிரைவேட் ரிசர்வ் இருக்கு, சாபி சாண்ட், டிம்பாவாட்டி இதெல்லாம். மிருகம் ரெண்டு பக்கமும் போயிட்டு வரும். அங்க லாட்ஜ் வண்டிலதான் போகணும், கைடு ஓட்டுவாரு, அனேகமா முன்னாடி பானெட்டுக்கு மேல ஒரு சின்ன சீட்டுல டிராக்கர் உக்காந்து மண்ணுல கால் தடத்தப் பாத்துட்டே வருவாரு, ரோட்ட விட்டு எறங்கியும் போகலாம், ஒரு மிருகத்துகிட்ட ரெண்டு மூணு வண்டிக்கு மேல விட மாட்டாங்க. சிறுத்தை பாக்கணும்னா சாபி சாண்டுக்கு இணை கிடையாது, இத நான் தயங்காம சொல்லுவேன். ஆனா ஒரு ராத்திரி வாடகை க்ரூகர் கேம்ப்ல ஒரு வாரம் தங்குற செலவத் தாண்டிடும் பல லாட்ஜ்ல. நடுவழி ஒண்ணு இருக்கு, அஞ்சு ராத்திரி க்ரூகர் உள்ள சொந்தமா ஓட்டிட்டு கடைசி ரெண்டு ராத்திரி மட்டும் பிரைவேட். இத தலைகீழா பண்ணாதீங்க, மொதல்ல பிரைவேட் போயிட்டு வந்தா அப்புறம் சொந்தமா தேடுறதுல பொறுமை இருக்காது.

இப்ப எட்டோஷா. நமீபியாவோட வடக்குல, 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, 1907ல ரிசர்வா அறிவிச்சது. அதுல கிட்டத்தட்ட 4,800 சதுர கிலோமீட்டர் வெறும் உப்புப் படுகை, வெள்ளையா, தட்டையா, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ஒண்ணுமே இருக்காது. காய்ஞ்ச காலத்துல சுத்துவட்டாரத்துல தண்ணி இருக்கறது படுகைய ஒட்டுன ஊத்துக்கள்லயும் போர் போட்டு நிரப்புற குட்டைங்கள்லயும் மட்டும்தான், அதனால இங்க மிருகத்தத் தேடி அலையவே வேண்டாம், குட்டை பக்கத்துல கார நிறுத்தி, என்ஜின ஆஃப் பண்ணிட்டு, ஃப்ளாஸ்க்ல காபி ஊத்திட்டு உக்காந்தாப் போதும். மொதல்ல ஸ்பிரிங்பாக் மான் வரும், அப்புறம் வரிக்குதிரை வரிசையா புழுதி கிளப்பிட்டு வரும், ஓரிக்ஸ் மான் ஒண்ணு கொம்ப நிமித்திக்கிட்டு ஓரமா நிக்கும், திடீர்னு எல்லாம் தலையத் தூக்கி ஒரே பக்கம் பாக்கும், அந்தப் பக்கம் பாத்தீங்கன்னா யானைக் கூட்டம் வந்துட்டு இருக்கும், வந்ததும் மத்ததெல்லாம் மரியாதையா ஒதுங்கிக்கும்.

எட்டோஷால எனக்கு ரொம்பப் புடிச்சது ராத்திரி. ஒகாகுவேயோ கேம்ப்ல குட்டைக்கு லைட் போட்டு வச்சிருக்காங்க, நடுவுல ஒரு தாழ்வான சுவர், இந்தப் பக்கம் பெஞ்சு. ரூம்ல இருந்து சால்வையப் போத்திக்கிட்டு நடந்து வந்து உக்காந்தா கறுப்புக் காண்டாமிருகம் வரும். உலகத்துல கறுப்புக் காண்டாமிருகத்த காட்டுல இவ்வளவு சாவகாசமா பாக்கக்கூடிய எடம் ரொம்பக் கொஞ்சம், பகல்ல புதருக்குள்ள இருக்கற கூச்ச சுபாவம் புடிச்ச மிருகம் அது. நாங்க போனப்ப ஒரு தாயும் குட்டியும் தண்ணிக்கு வந்தாங்க, இன்னொரு பக்கத்துல இருந்து ஒரு ஆண் வந்தது, தாய் புஸ்ஸுன்னு மூச்சு விட்ட சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்த எங்களுக்கு அப்படியே கேட்டுது, அங்க இருந்த அத்தனை பேர்ல ஒருத்தர் கூட பேசல, குழந்தைங்க உட்பட. வயசானவங்களோட போறீங்கன்னா இது பெரிய வரம், வண்டில குலுங்க வேண்டாம், ரூம் வாசல்ல இருந்து நடக்கற தூரத்துல சஃபாரி. ஹலாலி கேம்ப்லயும் நமுட்டோனிலயும் கூட இதே மாதிரி லைட் போட்ட குட்டை இருக்கு.

குறைன்னு பாத்தா தூரம். தலைநகர் விண்ட்ஹூக்ல இருந்து ஒகாகுவேயோ கிட்டத்தட்ட 435 கிலோமீட்டர், ரோடு பார்க் வாசல் வரைக்கும் நல்ல தார் ரோடுதான், உள்ள போனா சரளை. நமீபியால சரளை ரோட்டுல வேகமா போயி வண்டி கவுந்து அடிபடுறவங்க ஜாஸ்தி, அதனால ஸ்டெப்னி ஒண்ணுக்கு ரெண்டு இருக்கான்னு பாத்து, காத்த கொஞ்சம் கொறச்சு, மெதுவா ஓட்டுங்க. எட்டோஷால எருமையும் கிடையாது நீர்யானையும் கிடையாது, அதனால பிக் ஃபைவ்னு சொல்ற சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை அஞ்சையும் எண்ணி முடிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது ஒத்து வராது. மழைக்காலத்துல, அதாவது ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும், எங்க பாத்தாலும் தண்ணி தேங்கி நிக்கும், மிருகம் எதுக்கு குட்டைக்கு வரணும், எல்லாம் பரவிப் போயிடும். சாதகமா இன்னொண்ணு, நமீபியா டாலர் தென்னாப்பிரிக்க ராண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு, ராண்டயே அங்க கொடுக்கலாம், பார்க்க முடிச்சிட்டு சோசஸ்வ்லே மணல்மேடு, ஸ்வாகோப்முண்ட் கடற்கரைன்னு ஒரு சுத்து சுத்தி வரலாம், அதுக்கெல்லாம் சேத்து பத்துப் பன்னெண்டு நாள் இருந்தாத்தான் நமீபியா.

சீட்டா பத்தி நிறைய பேர் கேக்குறாங்க, நம்ம மத்தியப் பிரதேசத்துல இருக்கற குனோ பார்க்குக்கு அது வந்ததுல இருந்து. 2022 செப்டம்பர்ல வந்த முதல் 8 நமீபியாவுல இருந்து, 2023 பிப்ரவரில வந்த 12 தென்னாப்பிரிக்காவுல இருந்து. ஆனா அத வச்சு நமீபியா பார்க்ல போனா சீட்டா பாத்துடலாம்னு கணக்குப் போடாதீங்க, அங்க சீட்டால பெரும்பகுதி பார்க்குக்கு வெளிய, கால்நடைப் பண்ணை நெலங்கள்லதான் வாழுது, ஏன்னா பார்க்குக்குள்ள சிங்கமும் கழுதைப்புலியும் அதோட இரையப் புடுங்கிக்கும், குட்டியக் கொன்னுடும். எட்டோஷா சமவெளிலயும் சட்டாரா பக்க புல்வெளிலயும் பாக்கறதுக்கு வாய்ப்பு இருக்கு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

போட்ஸ்வானாவுக்கு வருவோம். இது ரெண்டு தனித்தனி விஷயம், சோபே ஒண்ணு, ஒகவாங்கோ ஒண்ணு, பேக்கேஜ்ல ரெண்டையும் ஒண்ணா எழுதுவாங்க, செலவுலயும் அனுபவத்துலயும் சம்பந்தமே கிடையாது. சோபேன்னா யானை. உலகத்துல எந்த நாட்டையும் விட போட்ஸ்வானாலதான் யானை அதிகம், 2022ல அஞ்சு நாடு சேந்து எடுத்த கணக்குல போட்ஸ்வானால மட்டும் சுமார் 1,30,000. அதுல கூட்டம் கூட்டமா சோபே ஆத்துக்கு வர்றது ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும். கசானே ஊர்ல இருந்து சாயங்காலம் போட்டுல போனீங்கன்னா ஆத்து நடுவுல செடுடுன்னு ஒரு தீவு, அந்தத் தீவு யாருக்குன்னு நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போயி 1999ல போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பாச்சு, யானைங்க அதெல்லாம் கண்டுக்காம மேயறதுக்கு நீந்திப் போகும். பெருசு முன்னாடி, குட்டி நடுவுல, தண்ணிக்கு மேல தும்பிக்கை நுனி மட்டும் தெரியும், குட்டி தும்பிக்கைய தாயோட முதுகு மேல போட்டுக்கும். போட் தண்ணி மட்டத்துல இருக்கறதால யானைய கீழ இருந்து பாப்பீங்க, ஜீப்புல எவ்வளவு பக்கத்துல போனாலும் இந்தப் பார்வை கிடைக்காது. சோபேயோட வசதி, விக்டோரியா ஃபால்ஸ்ல இருந்து 80 கிலோமீட்டர்தான், எல்லை தாண்டி வந்துடலாம். குறை, அதே காரணத்தால ஆத்தோரம் டே டிரிப் வண்டி நிறைய, அதனால வெளிய ஊர்ல தங்குனாலும் ரெண்டு மூணு ராத்திரி தங்கி விடியக்காலைல போங்க, அந்த நேரத்துல ஃபால்ஸ்ல இருந்து வர்ற வண்டி இன்னும் எல்லைய தாண்டியிருக்காது.

ஒகவாங்கோ வேற உலகம். அங்கோலா மலைல பெய்யுற மழை மாசக்கணக்கா நடந்து வந்து போட்ஸ்வானாவோட மணல்ல பரவி, கடலுக்கே போகாம அங்கயே முடிஞ்சு போற ஆறு. வேடிக்கை என்னன்னா போட்ஸ்வானால மழையே இல்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்ட்லதான் வெள்ளம் உச்சத்துல இருக்கும், சுத்தி எல்லாம் காய்ஞ்சு கிடக்கும்போது நடுவுல தண்ணியும் பச்சையும், அதான் மிருகம் அங்க குவியுது. 2014ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஆயிரமாவது எடமா சேந்தது இதுதான். மொகோரோன்னு ஒரு ஒல்லியான படகு, பின்னாடி ஒருத்தர் நின்னு கழியால தள்ளுவாரு, என்ஜின் கிடையாது, நாணலுக்குள்ள போகும்போது பக்கத்துல தவளை உக்காந்திருக்கறது வரைக்கும் தெரியும். ஆனா போட்ஸ்வானா அரசாங்கத்தோட கொள்கையே கொஞ்ச பேர் வரட்டும், நிறைய காசு கொடுக்கட்டும்ங்கறதுதான். டெல்டா உள்ள இருக்கற நல்ல லாட்ஜ்ல சீசன்ல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு ஆயிரம் அமெரிக்க டாலரத் தாண்டும், மவுன்ங்கற ஊர்ல இருந்து குட்டி விமானத்துலதான் போகணும், அதுல கெட்டியான சூட்கேஸ் ஏத்த மாட்டாங்க, வளையுற துணிப்பைதான், எடையும் 15, 20 கிலோன்னு கட்டுப்பாடு. கொஞ்சம் கொறஞ்ச செலவுல பாக்கணும்னா மவுன்ல தங்கி டெல்டா ஓரத்துல ஒரு நாள் மொகோரோ, மோரேமி ரிசர்வ்ல ரெண்டு நாள் கைடோட கேம்பிங், இப்படி பண்றவங்க இருக்காங்க. சொந்தமா ஓட்டுறேன்னு கிளம்பாதீங்க முதல் தடவை, ஆழமான மணல், தண்ணி குறுக்க ஓடுற பாதை, வேலி இல்லாத கேம்ப்ல ராத்திரி கூடாரத்துப் பக்கத்துல யானை நிக்கும், ஃபோர் வீல் டிரைவ் பழக்கம் இல்லாதவங்களுக்கு இது எடம் இல்ல.

ஹ்வாங்கேயும் சௌத் லுவாங்வாவும் சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா ரெண்டுமே எனக்கு ரெண்டாவது சஃபாரிக்கான எடம். ஜிம்பாப்வேல ஹ்வாங்கே, சுமார் 14,600 சதுர கிலோமீட்டர், வருஷம் பூரா ஓடுற ஆறே இல்ல, போர் போட்டு பம்பு வச்சு குட்டைய நிரப்பித்தான் அத்தனை யானையும் உயிரோட இருக்கு, 2019 வறட்சில இருநூறுக்கு மேல யானை செத்துப் போச்சு. நம்ம கொடுக்கற நுழைவுக் கட்டணமும் லாட்ஜ் காசும் அந்த பம்பு ஓடுறதுக்கு உதவுதுன்னு நினைக்கறப்போ அங்க போறதுல ஒரு திருப்தி இருக்கு. விக்டோரியா ஃபால்ஸ்ல இருந்து ரோட்டுலயே போகலாம். ஜாம்பியால சௌத் லுவாங்வா, நடந்து போற சஃபாரிக்கு நார்மன் கார்ங்கறவர் வழி போட்ட எடம், துப்பாக்கி வச்ச ஸ்கவுட் முன்னாடி போக வரிசையா பின்னாடி நடக்கணும், பேசக் கூடாது. ராத்திரி டிரைவ்ல சிறுத்தை பாக்கறதுக்கும் நல்ல எடம். ஆனா காண்டாமிருகம் இல்ல, நவம்பர்ல இருந்து மழை புடிச்சா பல கேம்ப் மூடிடும், சின்னக் குழந்தைங்கள நடைக்குக் கூட்டிட்டுப் போக விட மாட்டாங்க.

மாசம் பத்திதான் இப்ப முக்கியமா பேசணும், ஏன்னா ஏஜென்சி யாரும் இத சொல்றதில்ல. தமிழ்நாட்டுல ஸ்கூல் லீவு ஏப்ரல் கடைசி, மே. அந்த நேரத்துல அங்க மழை முடிஞ்சு குளிர் தொடங்குற சமயம். ஏப்ரல்ல புல்லு இன்னும் ஆள் உயரம், சிங்கம் பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் தெரியாது. மே நடுவுக்கு மேல க்ரூகர்ல புல்லு சாயும், மலேரியா பயமும் கொறையும், வெயில் இதமா இருக்கும், கூட்டமும் கொஞ்சம், அதனால மே லீவுக்கு நான் கண்ண மூடிட்டு க்ரூகர்னு சொல்லுவேன். அதே மே மாசத்துல எட்டோஷா போனா குட்டைக்கு வர்ற மிருகம் கொறைவா இருக்கும், சோபேக்கு யானைக் கூட்டம் இன்னும் முழுசா வந்திருக்காது. விக்டோரியா ஃபால்ஸ் மட்டும் மே மாசத்துல முழு வெள்ளம், சாரல்ல நனைஞ்சே பாக்கணும், ஒரு சமயம் சாரலுக்கு நடுவுல ஃபால்ஸே தெரியாது. கல்ஃப்ல, சிங்கப்பூர்ல, ஐரோப்பால இருக்கறவங்களுக்கு ஜூன் ஜூலை ஆகஸ்ட்ல லீவு கிடைச்சா எல்லா பார்க்கும் தொறந்திருக்கு, ஆனா குளிர எளக்காரமா நினைக்காதீங்க, விடியக்காலைல திறந்த ஜீப்புல போகும்போது குல்லா, கையுறை, கனமான ஜாக்கெட் இல்லாம முடியாது. செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி எட்டோஷாவுக்கும் சோபேக்கும் உச்சம், வெயிலும் உச்சம், நம்ம காலாண்டு லீவு அந்தப் பக்கம்தான் வருது, ஒரு வாரம் கூட லீவு போட முடிஞ்சா அதப் புடிச்சுக்கங்க.

குழந்தைங்க விஷயத்துல ரெண்டு செய்தி. க்ரூகர்ல பார்க் நடத்துற திறந்த வண்டி டிரைவ்ல 6 வயசுக்குக் கீழ விட மாட்டாங்க, பல பிரைவேட் லாட்ஜ்லயும் வயசுக் கட்டுப்பாடு உண்டு, உங்க சொந்தக் கார்ல மட்டும் எந்த வயசும் வரலாம். மலேரியா, க்ரூகர்லயும் எட்டோஷாலயும் குளிர் காலத்துல ஆபத்து கொறைவு, சோபே, ஒகவாங்கோ, ஜாம்பசி ஆத்துப் பக்கம் ஜாஸ்தி, கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போயி மாத்திரை கேட்டு வாங்கிடுங்க. கைக்குழந்தையோட, இல்ல மாசமா இருக்கறவங்களோட போறதா இருந்தா மலேரியாவே இல்லாத பிலனெஸ்பெர்க், மடிக்வே, ஆடோ யானை பார்க் இப்படி இருக்கு, பிலனெஸ்பெர்க் ஜோஹன்னஸ்பர்க்ல இருந்து ரெண்டரை மணி நேரம்தான். டர்பன்ல சொந்தக்காரங்க இருக்கற தமிழ்க் குடும்பங்க நிறைய, 1860ல இருந்தே நம்மாளுங்க அங்க கரும்புக் காட்டுக்குப் போனவங்கதானே, அவங்க வீட்டுக்குப் போறப்ப ஹ்லுஹ்லுவே இம்ஃபோலோசி பார்க்க விட்டுடாதீங்க, மூணு மூணரை மணி நேர டிரைவ். 1895ல ஆரம்பிச்ச பார்க், வெள்ளைக் காண்டாமிருகம் அழிஞ்சு போற நிலைக்கு வந்தப்போ மிச்சம் இருந்தது இங்கதான், 1960கள்ல இங்கேர்ந்து புடிச்சு மத்த பார்க்குக்கு அனுப்பித்தான் அந்த இனமே மீண்டது. க்ரூகர்ல இன்னைக்கு நீங்க பாக்குற வெள்ளைக் காண்டாமிருகத்தோட பாட்டன் பூட்டனும் இங்கேர்ந்து போனதுதான்.

சாப்பாடு, குறிப்பா சைவம் சாப்பிடுறவங்க கவலைப்படுறது. க்ரூகர் கேம்ப் பங்களால பலதுல கிச்சனோ, அடுப்பும் ஃப்ரிட்ஜுமோ இருக்கும், சிலதுக்கு வெளிய பொதுக் கிச்சன், புக் பண்ணும்போதே அதப் பாத்து பண்ணுங்க. ஜோஹன்னஸ்பர்க்ல ஃபோர்ட்ஸ்பர்க் ஏரியால அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும், அங்கயே வாங்கிட்டு வண்டில ஏத்திடலாம். ஃப்ரிட்ஜ வராண்டால வச்சிருந்தா கதவ பாபூன் குரங்கு தொறக்காத மாதிரி கட்டி வைங்க, அதுங்களுக்குத் தொறக்கத் தெரியும், யாரும் பாவம்னு பழம் கொடுக்காதீங்க, மனுஷன் கைல வாங்கிப் பழகுன பாபூன கடைசில சுட்டுத்தான் கொல்றாங்க.

விசாவுல ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தியப் பாஸ்போர்ட்டோட தென்னாப்பிரிக்கால எறங்கி, நடுவுல விக்டோரியா ஃபால்ஸோ சோபேயோ போயிட்டு திரும்ப ஜோஹன்னஸ்பர்க் வழியா ஊருக்கு வர்றதா இருந்தா மல்டிபிள் என்ட்ரி கேட்டு வாங்குங்க, சிங்கிள் என்ட்ரி கொடுத்துட்டா திரும்ப உள்ள விட மாட்டாங்க. ஆடிஸ் அபாபா, நைரோபி வழியா ஃப்ளைட் புடிச்சு அங்க 12 மணி நேரத்துக்கு மேல தங்க வேண்டி வந்தா மஞ்சள் காய்ச்சல் ஊசி கார்டு கேப்பாங்க. குழந்தைங்களோட பர்த் சர்டிஃபிகேட் கைப்பைல இருக்கட்டும்.

ஆக முதல் தடவை, குடும்பத்தோட, மே மாசம்னா நான் போடுற பிளான் இப்படித்தான் இருக்கும்: ஜோஹன்னஸ்பர்க்ல எறங்குன அன்னைக்கு ஓட்டாதீங்க, தூங்கி எழுந்து காலைல கிளம்புங்க, லோவர் சாபில மூணு ராத்திரி, சட்டாரால மூணு ராத்திரி, காசு ஒத்து வந்தா டிம்பாவாட்டி பக்கம் ரெண்டு. பார்க் கேம்ப் புக்கிங் 11 மாசத்துக்கு முன்னாடியே தொறந்துடும், ஆத்தப் பாத்த பங்களாதான் மொதல்ல தீரும், பார்க்கோட சொந்த வெப்சைட்லயே நேரா போடலாம், ஏஜென்ட் வேண்டாம். வெளிநாட்டுக்காரங்களுக்கு பார்க் கட்டணம் பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 500 ராண்டுக்கு மேல வருது, அது ரூம் வாடகைல சேராது, அதனால ஆறு நாள் ஏழு நாள் தங்குறவங்களுக்கு வைல்ட் கார்டுன்னு ஒரு வருஷ பாஸ் இருக்கு, ரெண்டையும் கணக்குப் போட்டுப் பாத்து வாங்கிடுங்க. தாத்தா பாட்டியோட, செப்டம்பர்ல போக முடியும்னா மட்டும் க்ரூகர விட்டுட்டு எட்டோஷா, அதுலயும் ஒகாகுவேயோல குட்டைக்குப் பக்கத்துல இருக்கற ரூமா கேட்டு வாங்கணும், அது சீக்கிரம் முடிஞ்சிடும், அதனால ஃப்ளைட் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ரூமப் புடிங்க. ஆளுக்கொரு நல்ல பைனாகுலர், ஒண்ண நாலு பேர் மாத்தி மாத்தி வச்சுக்கலாம்னு நினைச்சா கண்ணுல வைக்கறதுக்குள்ள சிறுத்தை மரத்துல இருந்து எறங்கிப் போயிடும்.